படுவான்கரைத் தமிழ் – 7: வழி அடைபட்ட நூற்றாண்டு

இதுவரை: 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரம் சோழர் கைக்குப் போனது. பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆயிற்று. 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான், தமிழ் வெளியேறவில்லை. புத்தரின் தந்ததாதுவைக் காப்பதாக வேளைக்காரப் படை ஏற்ற உறுதிமொழி பொலன்னறுவைக் கல்லில் தமிழிலேயே வெட்டப்பட்டது. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரையிலும் தமிழ்க் கல்வெட்டுகள் எழுந்தன. அந்தக் கற்களைத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் படித்திருந்தால் எங்கும் தடுக்கியிருக்க மாட்டார். கடலின் இரு கரையிலும் கல்லில் நின்றது ஒரே தமிழ்.

இந்த வாரம், கல்லில் இல்லாத தமிழைத் தேடிப் போகிறோம். அது நாவில் இருந்தது.

★

1215. கலிங்க மாகன் பெரும்படையோடு இலங்கையில் இறங்கினான்.

சூளவம்சம் அந்தப் படையை 24,000 பேர் என்கிறது. கேரளரும் தமிழரும் அதில் இருந்தார்கள் என்றும் சொல்கிறது. பொலன்னறுவை விழுந்தது. மாகன் 21 ஆண்டுகள் அங்கிருந்து ஆண்டான்.

சூளவம்சத்தை எழுதிய பிக்குகளுக்கு அவன் விகாரைகளைச் சூறையாடிய கொடியவன். மட்டக்களப்பு மான்மியம் அவனை மாகோன் என்று அழைத்து, கோயில்களுக்கு மானியமும் குடிகளுக்கு உரிமையும் கடமையும் வகுத்துத் தந்தவனாகப் போற்றுகிறது. கிழக்கின் வழமைகள் பலவற்றுக்கும் அவனையே மூலவனாகக் காட்டுகிறது. அவன் நல்லவனா கெட்டவனா என்ற வழக்கில் இந்தத் தொடர் இறங்கப்போவதில்லை. மொழியின் வரலாற்றுக்கு அவன் செய்ததைவிட, அவனுக்குப் பின் நடந்ததே முக்கியம்.

பொலன்னறுவை மறுபடி பழைய நிலைக்கு எழவில்லை. குளங்கள் உடைந்தன, கட்டுவதற்கு ஆளில்லை. சிங்கள அரசு தம்பதெனியாவுக்கும் யாப்பகூவாவுக்கும் குருநாகலுக்கும் கம்பளைக்கும் கடைசியில் கோட்டைக்குமாகத் தென்மேற்கே நகர்ந்துகொண்டே போனது. வடக்கே ஆரியச் சக்கரவர்த்திகளின் யாழ்ப்பாண அரசு எழுந்தது. இரண்டுக்கும் நடுவில், ஒருகாலத்தில் வயலாக இருந்த நிலத்தைக் காடு மூடியது.

அந்தக் காட்டுக்குக் கிழக்கே, கடலுக்கு இணையாகச் சுமார் 56 கிலோமீட்டர் நீளும் மட்டக்களப்பு வாவி. கடலோரம் எழுவான்கரை; வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. அங்கேதான் பழுகாமம்.

★

இன்று பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போரதீவுப் பக்கம் போகிறவர்களுக்குப் பழுகாமம் வயல்களுக்கு நடுவே ஒரு பெரிய ஊர். திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் நினைவுக்கு வரும். ஆனால் ஒல்லாந்தர் கிழக்குக்கு வந்து நிலத்தையும் தலைவர்களையும் கணக்கெடுத்தபோது, பழுகாமம் என்பது ஒரு வன்னிமையின் பெயர். சம்மாந்துறையைப் போல, தனக்கென்று தலைவனைக் கொண்ட ஒரு சிறு நாடு.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். நல்லூரில் அரசவை இருந்தது. செகராசசேகரம் என்ற மருத்துவ நூலும் செகராசசேகரமாலை என்ற சோதிட நூலும் அரசன் பெயராலேயே தோன்றின. அரசகேசரி இரகுவம்சத்தைத் தமிழில் பாடினார். தென்மேற்கே தம்பதெனியா அரசவையிலும் 1310இல் போசராச பண்டிதர் சரசோதி மாலையை அரங்கேற்றினார். கிழக்கில் அப்படி ஓர் அவை இல்லை. பாடிப் பரிசில் பெறப் புலவர் வந்து நிற்கும் வாசல் இல்லை. வயலுடைய போடியாரும் வயல் வேலையை நடத்திய முல்லைக்காரனும் கோயிலை நிர்வகித்த வண்ணக்கரும் பூசை செய்த கப்புகனாரும் இருந்தார்கள். வயலும் கோயிலும் இருந்தன.

இப்படிப்பட்ட இடத்தில் மொழி சிதைந்து போயிருக்க வேண்டும் என்றே யாரும் நினைப்பார்கள்.

நடந்தது வேறு. 1960களில் ஈழத்துத் தமிழை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில், தமிழின் பேச்சு வழக்குகள் எல்லாவற்றிலும் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்பு வழக்கே என்று எழுதினார். மிகப் பழைய கூறுகள் பலவற்றை அது காத்து வைத்திருக்கிறது என்றார். சென்னையும் இல்லை, மதுரையும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. அவைப் புலவர் இல்லாத இந்த வாவிக்கரை.

எப்படி?

★

விடை தேடுமுன் ஒரு கணம் உலகின் மறுகோடிக்குப் போய்வர வேண்டும். ஏறத்தாழ இதே நூற்றாண்டுகளில் இன்னொரு தீவில் இன்னொரு மொழி தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது.

1066இல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. தேவாலயத்தில் இலத்தீன். ஆங்கிலம் வயலுக்கும் அடுப்படிக்கும் தள்ளப்பட்டது. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் மட்டும் தங்கள் நாட்குறிப்பைப் பிடிவாதமாக ஆங்கிலத்தில் எழுதிவந்தார்கள். 1154ஆம் ஆண்டுச் செய்தியோடு அதுவும் நின்றுபோனது.

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். வினைச்சொற்கள் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஈறு கொள்ளும். நார்மானியர் வருமுன்பே அந்த ஈறுகள் தேயத் தொடங்கிவிட்டன. வடக்கில் வைக்கிங் குடியேறிகளோடு கலந்து பேசியதும் தேய்மானத்தை விரைவாக்கியது. ஆனால் எழுத்துத் தரம் என்று ஒன்று இருந்தவரை ஏட்டில் பழைய வடிவம் நின்றது. அந்தத் தரத்தைக் காக்க ஆளில்லாமல் போனதும் எழுதுகிறவர் தத்தம் ஊர்ப் பேச்சையே எழுதினார். ஈறுகள் ஏட்டிலிருந்தும் உதிர்ந்தன. 1362இல் நாடாளுமன்றம் வழக்குகள் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று சட்டம் செய்தபோது, அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. 1400இல் இறந்த சாசர் எழுதிய ஆங்கிலத்தை, 1066க்கு முந்தைய ஆங்கிலேயர் எழுந்து வந்து படித்தால் திகைத்துப் போவார்.

தமிழில் கதை எதிர்த்திசையில் ஓடியது. மாகன் பொலன்னறுவையைப் பிடித்த அதே தலைமுறையில், கங்க மரபுச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். எழுத்துத் தமிழுக்கு அது போட்ட அணை பல நூற்றாண்டுகள் உடையவில்லை. ஏட்டில் தமிழ் நிலைத்தது, நாவில் மாறியது. இடைவெளி ஆண்டுக்காண்டு அகன்றது.

அகலும் தடயம் சோழர் கல்வெட்டுகளிலேயே உண்டு. கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்த செய்தியை வெட்டிய கல்தச்சன் ‘வைத்த’ என்றும் எழுதினான், ‘வைச்ச’ என்றும் எழுதினான். ‘ஐந்து’ சில இடங்களில் ‘அஞ்சு’ ஆனது. இலக்கணம் கற்றவன் ஓலை எழுதிக் கொடுத்தாலும், உளி பிடித்தவன் கைக்குள் ஊர்ப் பேச்சு புகுந்துகொண்டது.

★

இப்போது படுவான்கரைக்குத் திரும்பலாம். விடியற்காலையில் வேலியருகே இரண்டு அயல்வீட்டுக்காரிகள் பேசிக்கொள்வது இப்படி இருக்கும்.

“எங்க கா போறாய்?”

“வட்டைக்குப் போறன் கா. மறுகா வாறன்.”

வட்டை என்பது வயல்வெளி. மறுகா என்றால் பிறகு. ‘கா’ நெருக்கமானவரை விளிக்கிற அசை. அந்த ஓரசையைக் கேட்டாலே பேசுபவர் மட்டக்களப்பார் என்று கொழும்பில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

‘போறன்’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இடையில் நிற்கும் ‘ற்’ நிகழ்காலம் காட்டுகிறது. ‘கிறு’ என்பதன் எச்சம் அது. தொல்காப்பியத்தில் நிகழ்காலத்துக்கெனத் தனி இடைநிலை சொல்லப்படவில்லை. கின்று, கிறு என்பவை பின்னால் வந்தவை. ஆழ்வார் நாயன்மார் பாடல்களில் பரவி, நன்னூலில் இலக்கணமாக ஏறியவை. ஆகவே ‘போறன்’ சங்ககாலத்துச் சொல் அல்ல. அது இடைக்காலத்தின் பிள்ளை.

கடைசியில் நிற்கும் ‘அன்’ இன்னும் சுவையானது. தமிழகத்தில் போறேன், வர்றேன். ஈழத்தில் போறன், வாறன். எழுத்துத் தமிழின் ‘ஏன்’ தேய்ந்து ‘அன்’ ஆகியிருக்கலாம். ஆனால் தன்மை ஒருமை ஈறுகளாக நன்னூல் அடுக்கும் வரிசையில் அல், என், ஏன் என்பவற்றோடு அன் என்பதும் நிற்கிறது. பவணந்தியார் அறிந்த தமிழுக்குள் அது வேற்று ஈறு அல்ல.

‘போறாய்’ என்பதில் முன்னிலை ஈறான ‘ஆய்’ முழுதாக நிற்கிறது. தமிழகத்தில் அது ‘போறே’ என்று சுருங்கிவிட்டது. ‘மரம்’ என்று சொன்னால் இங்கே இதழ் மூடுகிறது. தமிழகப் பேச்சில் ஈற்று மகரம் மூக்கொலியாகக் கரைந்துபோகும். ‘அவன்’ என்பதன் னகரமும் இங்கே தெளிவாகக் கேட்கும்.

ஒன்று, மூன்று, கன்று. னகரத்தை அடுத்து வரும் றகரம் ஒருகாலத்தில் நுனிநா மேலண்ணத்தின் முன்பக்கத்தைத் தொட்டு எழுப்பிய வல்லொலி. தமிழகப் பேச்சு அந்த வல்லொலியை விட்டுவிட்டு ஒண்ணு, மூணு என்றது. ஈழம் நாவைச் சற்றுப் பின்னே வளைத்து ஒண்டு, மூண்டு, கண்டு என்றது. ஒலி இடம் மாறியது, வன்மை போகவில்லை. ‘காற்று’ என்பதிலும் அப்படித்தான். தமிழகம் ‘காத்து’ என்று பல்லருகே கொண்டுபோக, ஈழத்து நா பழைய இடத்திலேயே நிற்கிறது. பற்றரி, ரிக்கெற் என்று ஈழத்தவர் எழுதுவதைப் பார்த்துத் தமிழக வாசகர்கள் வியப்பதுண்டு. ஆங்கிலத்தின் ‘t’ ஒலிக்கு மிக அருகில் இருக்கும் எழுத்து, றகரத்தை இன்னும் பழைய முறையில் ஒலிக்கத் தெரிந்தவர்களுக்கு றகரம்தான்.

★

கிழக்கின் மொழி எந்த நிலையில் இருந்தது என்பதற்குக் கல்லில் கிடைக்கும் அரிய சாட்சி திருக்கோவிலை அடுத்த தம்பிலுவில்லில் உள்ளது. காலம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கொடுத்தவன் கோட்டையில் இருந்த விசயபாகு. கொடை பெற்றது சிவஞான சங்கரர் கோயில்.

எழுதப்பட்ட மொழி தமிழ்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அரசன் சிங்கள அரசன். தீவின் மறுகரையில் இருக்கிறான். சிறீ சங்கபோதி என்ற சிங்கள அரசமரபின் பட்டம் கல்லில் இருக்கிறது. அதையடுத்து ‘பன்மர்’ என்று வருகிறது. வடமொழியின் ‘வர்மன்’ தமிழ் நாவில் புரண்டு ஆன வடிவம் அது. பிறகு சோழர் மெய்க்கீர்த்தியிலிருந்து நேராக இறங்கி வந்ததுபோல் திரிபுவனச் சக்கரவர்த்தி. அதன்பின் ஆட்சியாண்டு பத்து, தை மாதம். சோழர் இலங்கையை விட்டுப் போய் நானூற்றைம்பது ஆண்டு ஆன பிறகும், சோழர் கல்வெட்டு எழுதப்பட்ட முறை இந்தக் கரையில் மறக்கப்படவில்லை.

இங்கிலாந்தில் வென்றவன் தன் மொழியில் சட்டம் எழுதினான். இங்கே அரசன், படிக்கிறவர்களின் மொழியில் எழுதினான். இது ஒருமுறை நடந்த தற்செயல் அல்ல. 1344இல் கம்பளை அரசின் இலங்காதிலக விகாரைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டது. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மும்மொழிகளில் பேசியது. 1911இல் காலியில் அது கண்டெடுக்கப்பட்டது. இடைக்கால இலங்கையில் தமிழ், அரசர்கள் கொடை எழுதவும் வணிகர்கள் கணக்குப் பேசவும் பயன்பட்ட மொழி. அதை ஒரு மூலைக்கு உரியதாகச் சுருக்கிப் பார்ப்பது பிற்காலத்தின் பார்வை.

கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் இருந்தது. பழுகாமம் என்ற பெயரின் ‘காமம்’, கதிர்காமத்தில் இருப்பதுபோல, கிராமத்தைக் குறிக்கும் ‘கம’ அல்லவா? வயல் நிர்வாகத்தில் வட்டவிதானை இருக்கிறார். விதானை சிங்களத்திலும் உண்டு. கண்ணகை கோயிலில் பூசை செய்யும் கப்புகனாருக்கும் சிங்களவரின் பத்தினி தேவாலயத்துக் கப்புறாளைக்கும் பெயரளவில் மட்டுமா உறவு? சொற்கள் வந்து குடியேறின. வினைச்சொல்லின் ஈறுகளை அவை தொடவில்லை.

★

ஏன் தொடவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, தனிமை. காடு வழியை அடைத்தது. தமிழகத்தின் மாற்றங்கள் வந்து சேரவில்லை. ஆகவே பழையது நிலைத்தது.

இது பாதி உண்மைதான். தனித்து விடப்பட்ட மொழி அப்படியே நிற்கும் என்று எந்த விதியும் இல்லை. தனிமையில் தறிகெட்டு மாறிய கிளைமொழிகள் உலகெங்கும் உண்டு. மட்டக்களப்புத் தமிழைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று என்பதே இந்தத் தொடரின் கருத்து. அந்த ஒன்று ஒவ்வொரு வைகாசியிலும் நடக்கிறது.

கிழக்கின் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றின் கதவு ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசியில்தான் திறக்கும். சடங்கு நாள்களின் இரவில் ஊர் முழுதும் கோயில் முன்றிலில் கூடும். கண்ணகி வழக்குரை ஏட்டை ஒருவர் இராகத்தோடு படிப்பார். கோவலன் பிறக்கிறான், மாதவியிடம் பொருளிழக்கிறான், மதுரையில் வெட்டுண்கிறான்; கண்ணகி பாண்டியன் முன் வழக்குரைக்கிறாள். இறுதியில் எரிந்த தெய்வத்தைக் குளிர்விக்கும் குளிர்த்தி. இளங்கோவின் நூல் அல்ல இது. இடைக்கால நடையில் அமைந்த தனிப் பாட்டு. யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என்றும் முல்லைத்தீவில் சிலம்பு கூறல் என்றும் இதே கதை வழங்கியது. கிழக்கில் ஏட்டுப் பிரதிகளாகக் கிடந்ததை 1968இல் வி. சீ. கந்தையா பதிப்பித்தார்.

கேட்டவர்கள் யார்? முல்லைக்காரன், மாடு மேய்ப்பவன், நெல் குற்றுகிறவள், தாயின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் பிள்ளை. எழுத்தறியாதவர்களுக்கும் ‘வந்தாய்’ என்பதும் ‘செய்தனன்’ என்பதும் காதுக்குப் பழகிய ஒலிகள். கண்ணகை சடங்கு முடிந்தால் திரௌபதை சடங்கு, பாரதக் கதை, பாண்டவர் வனவாசம், தீ. யாழ்ப்பாணத்தில் ஏடு புலவர் வீட்டிலும் இருந்தது. படுவான்கரையில் அது ஊரின் சொத்து. படித்தவர் நாவுக்கும் பாமரர் நாவுக்கும் நடுவே மற்ற இடங்களில் விழுந்த பிளவு இங்கே ஆழமாக விழாமல் போனதற்கு, அந்த இரவுகளைவிட வலுவான காரணம் தெரியவில்லை.

இங்கிலாந்தின் உழவனுக்கு அப்படி ஓர் இரவு வாய்க்கவில்லை. அவனுடைய கோயில் அவனோடு இலத்தீனில் பேசியது.

★

எல்லாம் பொருந்தி வருகிறது, ஒன்றைத் தவிர.

கிழக்கின் சமூகம் தாய்வழிக் குடிகளால் ஆனது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். சொத்து பெண்வழியே இறங்கும். 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ முக்குவர் சட்டம் என்று தொகுத்து அச்சிட்ட வழமை அதுவே. முக்குவர் என்ற பெயரும் தாய்வழி முறையும் மலபார்க் கரையை நோக்கிக் கைகாட்டுகின்றன. மாகன் படையில் கேரளர் இருந்ததைச் சூளவம்சமே சொல்கிறது. ஈழத்தில் பேசுவதைக் குறிக்கும் ‘பறைதல்’, மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல்.

ஆனால் மலையாள வினைச்சொல்லுக்கு ஈறு இல்லை. ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு. யார் வந்தாலும் வினை ஒன்றே. படுவான்கரையில் நான் வந்தன், நீ வந்தாய், அவன் வந்தான். படுவான்கரை காத்து நிற்கும் அந்த ஈறுகளையே மலபார் மேற்குக் கரை துறந்துவிட்டது.

மேற்குக் கரையும் அவற்றை ஒரே நாளில் துறக்கவில்லை. பழைய மலையாள நூலான இராமசரிதத்தில் ஈறுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் லீலாதிலகம், தமிழ் வேறு, கேரளத்து மொழி வேறு என்று வாதிடும் அளவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் ஈறுகள் மறைந்தன. அப்படியானால் ஈறுகள் ஒரு காலக் கணக்கைச் சொல்கின்றன. 1215இல் கப்பலேறிய கேரள வீரனின் நாவில் அவை இருந்திருக்க முடியும். இருநூறு ஆண்டு கழித்து வந்தவன் நாவில் அவை இருந்திருக்குமா?

1602 மே மாதக் கடைசியில் ஒல்லாந்துக் கப்பல் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டு, உள்நாட்டு அரசனைக் காணப் போகிறான். வாவிக்கரையின் மக்களைப் பற்றி ஒல்லாந்தர் எழுதும் பக்கங்கள் அங்கிருந்து தொடங்குகின்றன. அவன் காதில் விழுந்த அந்தத் தமிழ், மாகனோடு வந்து இறங்கியவர்கள் மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்ததா? அல்லது அவர்கள் வந்து இறங்கியபோதே இந்த வாவிக்கரையில் அப்படிப் பேசிக்கொண்டிருந்து, வந்தவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு யாரோவா?

(தொடரும்)